27 புள்ளி, 11-வது இடம்: சென்னையின் எஃப்சி-ல கோச்சை மாத்தினா மட்டும் போதுமா?

பெரியமேடு கேலரி:

2025 ஏப்ரல்ல எழுதுறேன். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தோட 2024-25 சீசன் முடிஞ்சது. நமக்கு 24 மேட்ச், 7 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி. 13 டீம்ல 11-வது இடம். நமக்குக் கீழே ரெண்டே டீம். ஒண்ணு, சீசனுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் யார் நடத்துவாங்கன்னே தெரியாம இருந்த ஹைதராபாத். இன்னொண்ணு, ஐ-லீக்ல இருந்து இந்த வருஷம்தான் ஏறி வந்த முகமதன்.

கடைசி மேட்ச்ல ஜாம்ஷெட்பூரை 5-2 அடிச்சோம்னு சந்தோஷப்படுறவங்க ஒரு கணக்கைப் பாருங்க. நவம்பர்ல அவங்க ஊர்லயே 5-1 அடிச்சோம். ரெண்டு மேட்ச்ல 10 கோல். சீசன் முழுக்க நாம அடிச்சது 34. அப்போ மீதி 22 மேட்ச்ல 24 கோல். இது பிளே-ஆஃப் போற டீமோட கணக்கு இல்லை.

பிளே-ஆஃப் போற கடைசி இடமான ஆறாவதைப் பிடிச்ச மும்பைக்கு 36 புள்ளி. நமக்கு 9 குறைவு. அந்த ஒன்பதும் எங்க போச்சுன்னு தேட வேண்டியதே இல்லை. கடைசி இடம் வந்த முகமதன்கிட்ட செப்டம்பர்ல நம்ம கிரவுண்ட்ல 0-1. ஐஎஸ்எல்-ல அவங்களோட முதல் வெற்றியே அதுதான். ஜனவரில கொல்கத்தால 2-0 முன்னாடி இருந்து, கடைசி நிமிஷங்கள்ல ரெண்டு வாங்கி 2-2. ஆறு புள்ளில ஒண்ணுதான் வந்தது. கேரளாகிட்ட அங்க 0-3, இங்க 1-3. அந்த ஆறும் போச்சு. அந்தக் கேரளாவும் எட்டாவது இடத்துலதான் முடிச்சாங்க, பெரிய டீம்னு சொல்லவும் வழியில்லை.

இப்போ எல்லாரும் கோச் ஓவன் கோய்லைத் துரத்தணும்னு எழுதுறாங்க. என் கருத்து வேற. 2018 கோப்பைக்கு அப்புறம் கோச் மேல கோச்சா மாத்தியாச்சு, இடம் மாறலை. நோய் டீம் கட்டுற விதத்துல இருக்கு. குறிப்பா, இந்திய வீரர்களை நாம வளர்த்துட்டு விட்டுக் கொடுக்குற விதத்துல.

---

கணக்குப்பிள்ளை:

விவாதம் தொடங்கும் முன் முழு வரிசையும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பலரும் 2019-20-ஐ மட்டும் நினைவில் வைத்துப் பேசுகிறார்கள்.

2017-18: ஜான் கிரெகரி. லீக்கில் 2-ஆம் இடம், பெங்களூருவில் நடந்த இறுதிப் போட்டியில் 3-2, கோப்பை.
2018-19: அதே கிரெகரி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி, 10 அணிகளில் கடைசி.
2019-20: கிரெகரி ஆறு ஆட்டத்தோடு போனார், கோய்ல் வந்தார். 4-ஆம் இடம், இறுதியில் கொல்கத்தாவின் ஏடிகே-யிடம் 1-3.
2020-21: சாபா லாஸ்லோ. 8-ஆம் இடம், 20 ஆட்டத்தில் 11 டிரா, அடித்தது 17 கோல்.
2021-22: பண்டோவிச். கோவாவிடம் 0-5 வாங்கியதும் போனார், சபீர் பாஷா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். மறுபடி 8.
2022-23: பிரடாரிச். மறுபடி 8.
2023-24: கோய்ல் திரும்ப வந்தார். 22 ஆட்டத்தில் 27 புள்ளி, 6-ஆம் இடம், நாக் அவுட்டில் கோவாவிடம் 1-2.
2024-25: அதே கோய்ல், அதே 27 புள்ளி, இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடியும் 11-ஆம் இடம்.

கடைசி இரண்டு வரியைச் சேர்த்துப் படியுங்கள். போன சீசனில் 27 புள்ளிக்கு பிளே-ஆஃப் கிடைத்தது நம் முன்னேற்றத்தால் இல்லை, நடுவரிசை முழுக்க தடுமாறியதால். அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டு அதே பாதையில் போனதுதான் இந்த சீசனின் முதல் பிழை.

---

ஸ்டாப்பர்பேக்:

கேலரி அண்ணே, வீரர்கள் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா கோச்சை இவ்வளவு சுலபமா விட்டுட முடியாது. களத்துல நடக்குறதைப் பேசுவோம்.

கோய்ல் டீம் விங் வழியா வேகமா ஏறும், கிராஸ் நிறைய விழும், ரெண்டு ஃபுல்பேக்கும் (ஓரத்து டிஃபெண்டர்கள்) ஒரே நேரத்துல மேல போவாங்க. அதுல தப்பில்லை. பந்து போனதும் பின்னாடி யாரு நிக்கிறாங்கன்றதுதான் கேள்வி. ரெண்டு ஃபுல்பேக்கும் ஏறினா குறைஞ்சது ரெண்டு செண்டர் பேக் (நடு டிஃபெண்டர், ஸ்டாப்பர்னும் சொல்வோம்), அவங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர்னு நாலு பேராவது இருக்கணும். நம்ம டீம்ல நடுக்களத்துல இருந்து ஒருத்தர் பாக்ஸுக்கு ஓடிடுவார், இன்னொருத்தர் செகண்ட் பாலுக்கு (தடுத்த பிறகு வெளிய விழுற பந்து) முன்னாடி வந்துடுவார். எதிராளி கீப்பர் கிராஸைப் பிடிச்சு ஓரமா ஒரு எறி எறிஞ்சா, நம்ம செண்டர் பேக் ரெண்டு பேரும் பின்னாடி திரும்பி ஓடிட்டிருப்பாங்க. நம்ம செண்டர் பேக் எட்வர்ட்ஸ் தலையால ஆடுறதுல கெட்டி. 40 மீட்டர் ஓட்டப் பந்தயத்துல அவரை நிறுத்தினா யாரைக் குத்தம் சொல்றது?

தீர்வும் ரொம்பப் பெரிசு இல்லை. பந்து வலது பக்கம் இருந்தா இடது ஃபுல்பேக் ஏறக் கூடாது, உள்ள வந்து மூணாவது ஸ்டாப்பரா நிக்கணும். ஷீல்ட்ஸ் வலதுல உள்ள வெட்டி வரும்போது வலது ஃபுல்பேக் ஓரமா ஏறலாம், ஆனா அப்போ டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர் நடுவட்டத்தைத் தாண்டக் கூடாது. கிராஸ் போடுறவர் ஒருத்தர், பாக்ஸ்ல மூணு பேர், பாக்ஸ் விளிம்புல வெளிய வர்ற பந்துக்கு ரெண்டு பேர், பின்னாடி நாலு பேர். பத்து சரியா வந்துடுது. பதினோராவது ஆள் கீப்பர், அவர் தன் பாக்ஸ் விளிம்பு வரைக்கும் முன்னாடி வந்து நின்னாத்தான் நீளமா வர்ற பந்தை வெட்ட முடியும்.

அடுத்தது மேட்ச்சை மூடுறது. 2-0 முன்னாடி இருந்து 2-2 ஆனதுக்கு "அதிர்ஷ்டம் இல்லை"ன்னு எழுதுறவங்களைப் பார்த்தா கோபம் வருது. அஞ்சு மாற்று வீரர் இருக்காங்க, ஆனா ஆட்டம் ஓடும்போது மூணு தடவைதான் நிறுத்தி மாத்தலாம் (இடைவேளை கணக்குல வராது). அப்போ முன்னிலைல இருக்குற டீம் ஒரு தடவையைக் கட்டாயம் 85 நிமிஷத்துக்கு மேல வெச்சிருக்கணும். காயம் பட்டாலும் பயன்படும், வேகத்தைக் குலைக்கவும் பயன்படும். 78 நிமிஷத்துக்குள்ளயே மூணு தடவையையும் தீர்த்துட்டு, கடைசில தசை பிடிச்ச ஃபுல்பேக்கை வெச்சுக்கிட்டு நின்னா எதிராளி அந்தப் பக்கத்தையேதான் குத்துவான்.

த்ரோ இன்னொரு ஓட்டை. கடைசிப் பத்து நிமிஷத்துல நம்ம பாதில நமக்குக் கிடைக்குற த்ரோவை அவசரமா நடுவுல எறிஞ்சு பறிகொடுக்குறோம். ஓரமா கோட்டுக்குப் பக்கத்துல, எதிராளி கால்ல பட்டு வெளிய போற மாதிரி ஆடினாலே நேரம் போயிடும். இதெல்லாம் வாரத்துல ரெண்டு நாள், இருபது இருபது நிமிஷம் பயிற்சி செஞ்சா வர்ற விஷயம். அதுக்குப் பொறுப்பு கோச் இல்லாம வேற யாரு?

---

பெரியமேடு கேலரி:

@ஸ்டாப்பர்பேக், நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் சரி. ஆனா இடது ஃபுல்பேக் உள்ள வந்து மூணாவது ஸ்டாப்பரா நிக்கணும்னா அவர் யாரு? இந்திய வீரர். கீப்பர் பாக்ஸ் விளிம்புக்கு வரணும்னா? இந்திய வீரர். நடுவட்டத்துல நிக்குறவர்? பெரும்பாலும் இந்திய வீரர்தான். அங்கதான் நான் வர்றேன்.

2014-ல லீக் தொடங்கினப்போ களத்துல ஆறு ஃபாரினர். 2017-18-ல அஞ்சு ஆச்சு. 2021-22-ல இருந்து நாலு. அதாவது ஏழு இந்தியர்கள் களத்துல. எலானோ, மெண்டோசா மாதிரி ஒரு ஃபாரினரை வெச்சு சீசனை இழுத்துட்டுப் போன காலம் அதோட முடிஞ்சது. மும்பையும் மோகன் பகானும் இதை உடனே புரிஞ்சுக்கிட்டாங்க, லீக்ல இருக்குற நல்ல இந்திய வீரர்களை ஒவ்வொருத்தரா வாங்கினாங்க. அந்த நேரத்துல நாம என்ன செஞ்சோம்னு பாருங்க.

நம்மகிட்ட இருந்த சாங்டே 2022 ஜனவரில மும்பைக்குப் போனார். விஷால் கைத் 2022-ல மோகன் பகான். அதுக்கு முந்தின வருஷமே தீபக் டாங்ரி அங்க போயாச்சு. அனிருத் தாப்பா 2023-ல அதே மோகன் பகான்.

2022-23 சீசனோட விருதுப் பட்டியலை எடுங்க. லீக்கின் சிறந்த வீரர் சாங்டே. சிறந்த கீப்பருக்கான கோல்டன் க்ளோவ் கைத். வளரும் வீரர் விருது பெங்களூருவோட சிவசக்தி நாராயணன், நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பையன். மூணு விருது: ரெண்டு நாம விட்டுக் கொடுத்தவங்களுக்கு, ஒண்ணு நம்ம மாநிலத்துல இருந்தும் நம்ம கண்ணுல படாதவருக்கு. அந்த சீசன்ல நாம 8-வது இடம்.

இந்த வருஷம் மோகன் பகான் 56 புள்ளியோட லீக்ல முதலிடத்துக்கான ஷீல்டும் எடுத்தாங்க, பிளே-ஆஃப் ஜெயிச்சுக் கோப்பையும் எடுத்தாங்க. அந்த அணியில கைத், டாங்ரி, தாப்பா மூணு பேரும் இருந்தாங்க. கீப்பர், நடுக்களத்துல ரெண்டு பேர். சரியா நமக்கு எந்த இடத்துல ஓட்டை இருக்குன்னு நீங்க எழுதினீங்களோ அதே இடங்கள்.

---

ஆறாம் நம்பர்:

கேலரி சொல்றது பாதிதான். ஃபாரினர் விஷயத்துலயும் நாம ஒழுங்கா இல்லை.

ஆறு பேரைப் பதிவு செய்யலாம், களத்துல நாலு. அப்போ ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேரை வெச்சுக்குறோம்னு பாருங்க. 2022-23-ல எல் கயாதி 9 கோல், ஸ்லிஸ்கோவிச் 8 கோல். ரெண்டு பேரும் அடுத்த சீசன்ல இல்லை. 2023-24-ல கோய்லோட எட்வர்ட்ஸ், சிர்கோவிச், பட்டோக்கியோ, ஷீல்ட்ஸ், ஜோர்டன் முர்ரே வந்தாங்க, கிரிவெல்லாரோ திரும்பினார். இந்த சீசன்ல அதுல எட்வர்ட்ஸும் ஷீல்ட்ஸும் மட்டும் மிச்சம். எல்சின்யோ, பிராம்பிலா, சீமா சுக்வு, வில்மர் ஜோர்டான் கில்னு நாலு புது ஆள்.

புதுசா வர்ற ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி இருக்குற ஆள் எப்போ பந்து கொடுப்பான், எந்தக் கால்ல கொடுப்பான்னு பழக எட்டு பத்து மேட்ச் ஆகும். 24 மேட்ச் லீக்ல அது மூணுல ஒரு பங்கு. ஒவ்வொரு வருஷமும் அந்த மூணுல ஒரு பங்கை நாம வீணாக்கிட்டு, பிப்ரவரில டீம் செட் ஆகும்போது பிளே-ஆஃப் கதவு மூடியிருக்கும். கடைசி மேட்ச்ல 5-2 வந்ததுக்கும் காரணம் இதுதான்.

2020-ல இதையே இன்னும் மோசமா செஞ்சோம். வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சு கோல்டன் பூட் எடுத்தார், கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனதும் அவரும் கூடவே போயிட்டார். அட்டாக் பண்ற ஃபாரினர்ல கிரிவெல்லாரோ மட்டும் மிச்சம். அவருக்கும் கணுக்கால் உடைஞ்சதும் டீம்ல பந்தைத் திறந்து கொடுக்க ஆளே இல்லை. 20 மேட்ச்ல 17 கோல் வந்தது அப்படித்தான். ஒரே ஆள் மேல கட்டின டீம் அந்த ஆள் கால் உடைஞ்சா உடையும்.

நாலு மஞ்சள் அட்டைக்கு ஒரு மேட்ச் தடை. செண்டர் பேக்ல ரெண்டு ஃபாரினர் வெச்சா டிசம்பர்ல ஒருத்தர் கட்டாயம் வெளிய இருப்பார். அதனால ஆறு பேர்ல ஒருத்தர் ரெண்டு இடம் ஆடுறவரா இருக்கணும். எல்சின்யோ அந்த வகை, டிஃபென்ஸும் நடுக்களமும் ஆடுவார். அந்தத் தேர்வு சரியானது. ஆனா ஸ்ட்ரைக்கருக்கு அதே யோசனை இல்லை. ஜனவரி 30 கேரளா மேட்ச்ல வில்மர் முதல் பாதிலயே சிவப்பு அட்டை வாங்கினதும் ஆட்டம் முடிஞ்சது. பொறுப்பில்லாத அட்டை அது. சொந்த மைதானத்துல, கேரளாவுக்கு எதிரா, சீசனைக் காப்பாத்த வேண்டிய நேரத்துல. அதுவரைக்கும் சென்னைல ஜெயிக்காத கேரளா அன்னைக்கு ஜெயிச்சுட்டுப் போனாங்க.

---

நல்லூரான்:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். 2019-ல ஏஎஃப்சி கோப்பை தகுதிச் சுற்றுக்கு சென்னை கொழும்புக்கு வந்தது. கொழும்பு எஃப்சி-யோட இங்கே 0-0. திரும்ப 1-0 எண்டு வெண்டு குழுச் சுற்றுக்குப் போனவை. அதுவும் 'சொந்த' ஆட்டத்தை அகமதாபாத்திலதான் வச்சவை. அந்த வருசம் லீக்கில கடைசி இடம்.

என்ர கேள்வி இதுதான்: முதல் வருசம் கோப்பை எடுத்த அணி அடுத்த வருசமே கடைசிக்குப் போனதுக்கு வீரர்கள் விலகினது காரணம் எண்டு சொல்ல ஏலுமோ? தாப்பா, ஜெஜே, மைல்சன் ஆல்வ்ஸ், ரஃபேல் அகஸ்டோ எல்லாரும் இருந்தவைதானே?

---

ஸ்டாப்பர்பேக்:

@நல்லூரான், நல்ல கேள்வி. இருந்தாங்க, ஆனா முதுகெலும்பு போயிருந்தது. செரேனோ போயிட்டார், தனபால் கணேஷ் காயத்தால வெளிய. கோப்பை எடுத்த டீமைப் பலர் அட்டாக் டீம்னு நினைக்கிறாங்க. அது கட்டுக்கோப்பான டிஃபென்ஸ் டீம். பெங்களூருல சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்துலயே கோல் போட்ட பிறகும் குலையாம நின்னு, ரெண்டு கார்னர்ல மைல்சன் ரெண்டு தலை கோல் அடிச்சார், மூணாவது அகஸ்டோ. செட் பீஸும் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நின்ன பந்து) டிஃபென்ஸும் சேர்ந்து கொண்டு வந்த கோப்பை. கணேஷ் நடுவுல நின்னு பந்தைப் பறிச்சுக் கொடுத்ததாலதான் ஃபுல்பேக் நிம்மதியா ஏற முடிஞ்சது. அவருக்கு மாற்று ஆள் இல்லாம அடுத்த சீசனுக்குப் போனாங்க. கிரெகரி அதே ஆட்டத்தை அதே மாதிரி ஆட வெச்சார், நடுவுல ஆள் இல்லாம.

செட் பீஸ்ல ஒண்ணு சேர்த்துச் சொல்லிடுறேன். நம்மகிட்ட உயரமான ஆட்கள் இருக்காங்க, ஆனா கார்னர் எடுக்கும்போது எல்லாரும் ஒரே நேரத்துல ஆறு கஜப் பெட்டியை நோக்கி ஓடுறாங்க. மைல்சன் கோல் ரெண்டையும் திரும்பப் பாருங்க. அவருக்கு ஓடி வர இடம் இருக்கும். ஒருத்தர் கீப்பர் முன்னாடி நிக்கணும், ஒருத்தர் கிட்ட கம்பத்துக்கு ஓடி டிஃபெண்டரை இழுக்கணும், தலையடிக்குறவர் பெனால்டி ஸ்பாட்டுக்குப் பின்னாடி இருந்து தொடங்கணும், அவரைப் பிடிக்க வர்றவனை ஒருத்தர் மறிக்கணும். நாலு பேரோட வேலை. இதுக்குன்னு தனி உதவிக் கோச் வெச்ச கிளப்புகள் உலகம் முழுக்க இருக்கு. நடுவரிசை டீம் குறைஞ்ச செலவுல கோல் எடுக்க இதைவிட நேர் வழி இல்லை.

---

தூத்தூர் கரை:

வெளி மாநிலத்துக்குப் போன நம்ம பசங்க பட்டியலை யாரும் எழுதலையே. மைக்கேல் சூசைராஜ் குமரிக் கடற்கரைக்காரர். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், மோகன் பகான், ஒடிசான்னு ஆடினார். நந்தகுமார் சேகர் சென்னைப் பையன்; ஒடிசா, ஈஸ்ட் பெங்கால். 2023 டூரண்ட் கோப்பைல ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தா டெர்பி ஜெயிச்சதே அவர் கோல்ல. சிவசக்தி பெங்களூரு. சூசைராஜ், நந்தா ரெண்டு பேரும் சென்னை சிட்டி சட்டையில வெளிச்சத்துக்கு வந்தவங்க. அந்த சென்னை சிட்டி கோயம்புத்தூர்ல ஆடி 2018-19 ஐ-லீக்கை ஜெயிச்சது. அதே சீசன்ல ஐஎஸ்எல்-ல நாம கடைசி. ஒரே மாநிலத்துல, ஒரே வருஷத்துல.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஒவ்வொரு ஊர்லயும் கோடைல செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) டோர்னமெண்ட் நடக்கும். கடல் மணல்ல ஆடிப் பழகின பசங்களுக்குத் தொடை பலமும் பந்தை மறைச்சு வெச்சு ஆடுற கலையும் தானா வரும். வராதது பதினோரு பேர் ஆட்டத்துல எங்க நிக்கணும்ன்ற அறிவு. அதை 14, 15 வயசுல சொல்லிக் கொடுக்கணும். 20 வயசுல டிரையலுக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்துல பார்த்து அனுப்பினா ஒருத்தரும் தேற மாட்டாங்க. செவன்ஸ்ல ஆடுறவனை அரை மணி நேரம் பெரிய கிரவுண்ட்ல விட்டா பந்து பின்னாடியே ஓடுவான், "இவனுக்கு ஆட்ட அறிவு இல்லை"ன்னு எழுதிடுவாங்க.

ஒரு ஸ்கவுட் (வீரர்களைத் தேடிப் பார்க்குறவர்) மார்ச்சுல இருந்து மே வரைக்கும் குமரிக் கடற்கரையிலயும் வியாசர்பாடியிலயும் உட்கார்ந்தா போதும். ஒரே பையனை மூணு மேட்ச்ல, ரெண்டு வேற இடத்துல ஆடும்போது பார்க்கணும். அப்புறம் ஆறு வாரம் கூட்டி வந்து தங்க வெச்சுப் பழக்கணும். ஒரு ஃபாரினருக்குக் கொடுக்குற சம்பளத்துல சின்னத் துண்டுதான் இதுக்கு ஆகும்.

---

கணக்குப்பிள்ளை:

உணர்ச்சி புரிகிறது. ஆனால் வளர்த்தாலும் பிடித்து வைக்கத் தெரியாவிட்டால் மோகன் பகானுக்குத்தான் வளர்த்துக் கொடுப்போம். தாப்பா, சாங்டே விஷயத்தில் அதுதான் நடந்தது. ஆகவே ஒப்பந்தத்தைப் பேசுவோம். இது பலருக்கும் சலிப்பான விஷயம். புள்ளிப் பட்டியலோ இங்கேதான் தீர்மானமாகிறது.

ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வீரர் எந்த கிளப்போடும் முன்கூட்டியே கையெழுத்திடலாம். நம் கிளப்புக்கு ஒரு ரூபாய் வராது. மே 31-இல் ஒப்பந்தம் முடிகிறது என்றால் டிசம்பர் தொடங்கியதும் அவர் நம் கையில் இல்லை. ஏஜெண்டுகளுக்கு இது அத்துப்படி. அக்டோபரிலிருந்தே "பிறகு பேசலாம்" என்று இழுப்பார்கள்.

ஆகவே ஒப்பந்தம் முடிவதற்கு 18 மாதம் முன்பே புதுப்பிக்கும் பேச்சைத் தொடங்க வேண்டும். 12 மாதம் மீதம் இருக்கும்போது கையெழுத்து வரவில்லையென்றால் அந்தக் கோடை டிரான்ஸ்ஃபர் நேரத்திலேயே விற்றுவிட வேண்டும். விற்ற பணத்தில் பாதியாவது இன்னொரு இளம் இந்திய வீரருக்குப் போக வேண்டும், முப்பது வயது தாண்டிய ஃபாரினருக்கு அல்ல. 21 வயதுக்கு உட்பட்ட பையனுக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு, 15 ஆட்டம் தொடக்க வரிசையில் ஆடினால் சம்பளம் தானாக உயரும் விதி, கூடவே கிளப் விரும்பினால் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை. அந்த உயர்வு விதி இல்லாததால்தான் நன்றாக ஆடிய பையன் ஒரே சீசனில் அதிருப்தியாகிறான்.

சம்பள உச்சவரம்பு பல சீசன்கள் 16.5 கோடியாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே வரம்பு என்றால், அதை எப்படிப் பிரிக்கிறோம் என்பதே திறமை. ஆறு ஃபாரினருக்குப் பாதிக்கு மேல் போனால் ஏழு இந்தியருக்கும் அவர்களின் மாற்று ஆட்களுக்கும் என்ன மிஞ்சும்? கீப்பர், ஒரு செண்டர் பேக், ஒரு டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர், ஒரு விங்கர் ஆகிய நான்கு இந்திய இடங்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஃபாரினர் தேட வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

---

வியாசை லெஃப்ட் விங்:

எல்லாம் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஓனர் மாற மாட்டாங்க, ஏன்னா மாறணும்னு கட்டாயமே இல்லை. 11-வது வந்தாலும் 13-வது வந்தாலும் இந்த 2024-25-ல கீழ லீக்குக்கு இறங்க வேண்டியதில்லை. முகமதன் 13 புள்ளி எடுத்தாங்க, அவங்களுக்கே ஒண்ணும் ஆகலை. இறங்குற பயம் இருந்திருந்தா கொல்கத்தால அந்த 2-2 ஆகியிருக்குமா? பிப்ரவரில ஒரு ஆள் கூட பொறுமையா இருந்திருக்க மாட்டான்.

அப்புறம் கிரவுண்ட். நேரு ஸ்டேடியத்துல ஓட்டப் பாதை சுத்தி இருக்கு. கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவுல அவ்வளவு தூரம். கொச்சி மாதிரி சத்தம் எதிராளி காதுல விழணும்னா ஆட்களை நாலு பக்கமும் பரப்பக் கூடாது. ஒரே பக்கத்துல, கோலுக்குப் பின்னாடியும் பக்கத்து ஸ்டாண்டுலயும் நெருக்கமா உட்கார வைக்கணும், டிக்கெட் அங்கதான் குறைஞ்ச விலைக்கு விக்கணும். ஏழரை மணி மேட்ச் முடிஞ்சு வெளிய வரவே மணி ஒன்பதரை தாண்டிடுது. குடும்பத்தோட வர்றவங்களை நினைச்சா அஞ்சு மணி மேட்ச் இன்னும் நிறையக் கேட்டு வாங்கணும்.

---

ஆறாம் நம்பர்:

கீழ இறங்குறது பத்தி முழுசா ஒத்துக்கிறேன். அதோட இன்னொரு சிக்கலும் சேர்ந்துருக்கு. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக் நடத்துற கம்பெனிக்கும் 2010-ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் வரைக்கும்தான். அடுத்தது எப்படி இருக்கும்னு தெரியாம எந்த ஓனரும் மூணு வருஷ ஒப்பந்தம் போடத் தயங்குவாங்க. கணக்குப்பிள்ளை சொன்ன 18 மாசக் கணக்கு இந்த வருஷம்தான் ரொம்பக் கஷ்டம்.

ஆனா அதே காரணத்தால இதுதான் வாய்ப்பும். எல்லாரும் தயங்கும்போது நல்ல இந்திய வீரரோட விலை குறையும். இப்போ மூணு வருஷம் உறுதி கொடுக்குற கிளப்புக்கு வீரர்கள் வருவாங்க.

---

பெரியமேடு கேலரி:

@வியாசை, கிரவுண்ட் சத்தம் பத்தி சொன்னது சரி, ஆனா சத்தம் முகமதனுக்கு எதிரா கோல் போடாது. முதல்ல ஆள் வேணும்.

எல்லாரும் சொன்னதை வெச்சு என்னோட வரிசை இது. முதல் கையெழுத்து நம்ம ஃபார்வர்ட் இர்ஃபான் யட்வாடுக்கு. ஓடிக்கிட்டே இருப்பார், ரெண்டு கால்லயும் அடிப்பார், விங்லயும் நடுவுலயும் ஆடுவார். இவரை அடுத்த சாங்டே ஆக்கி அனுப்பிடக் கூடாது. ரெண்டாவது ஷீல்ட்ஸ். கோல் வாய்ப்பு உருவாக்குறதுல லீக்ல முன்வரிசைல இருக்குறவர், டீமோட பழகினவர், புது ஆளைத் தேடி எட்டு மேட்ச் வீணாக்க வேண்டாம். மூணாவது, ஒரு இந்திய டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர். வேற கிளப்ல ஒப்பந்தம் முடியப் போற, 25 வயசுக்குள்ள இருக்குறவரா பார்க்கணும். கோச் யாரா இருந்தாலும் இந்த மூணும் மாறாது. கோய்ல் இருந்தா ஸ்டாப்பர்பேக் சொன்ன மாதிரி செட் பீஸுக்கு ஒரு ஆள் கூடச் சேர்க்கணும், போனா புதுசா வர்றவர் கொண்டு வர்ற ஆறு ஃபாரினர் பட்டியலுக்குக் கிளப் சரின்னு தலையாட்டக் கூடாது. நாலு மேல மாத்த அனுமதி இல்லைன்னு முதல் நாளே சொல்லணும்.

---

ஸ்டாப்பர்பேக்:

நாலு கூட அதிகம், ரெண்டு போதும்னு சொல்வேன். மத்தது ஓகே. இடது ஃபுல்பேக்கை மட்டும் நாலாவதா சேருங்க. ஏற மட்டும் தெரிஞ்சவர் வேண்டாம், உள்ள வந்து நிக்கத் தெரிஞ்சவர் வேணும். டிரையல்ல பார்க்கும்போது பந்து எதிர்ப் பக்கம் இருக்குற நேரத்துல அவர் எங்க நிக்கிறார்னு மட்டும் பார்த்தா போதும், பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

---

தூத்தூர் கரை:

இந்த மே மாசம் எங்க பக்கம் செவன்ஸ் நடக்கும்போது கிளப்ல இருந்து ஒரு ஆளை அனுப்பச் சொல்லி ரசிகர் மன்றம் சார்புல ஒரு கடிதம் போடலாமா? எந்த ஊர்ல எந்தத் தேதி, எந்த டீம்ல எத்தனை வயசுப் பசங்கன்னு பட்டியல் நான் தயார் செஞ்சு தர்றேன். 17 வயசுக்குக் கீழ இருக்குறவங்களைத் தனியாக் குறிச்சு வெக்கிறேன்.

---

பெரியமேடு கேலரி:

பட்டியலைப் போடுங்க. கடித வாசகம் நான் எழுதுறேன், கணக்குப்பிள்ளை சார் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்க. கோச் பேரு, ஃபாரினர் பேரு எதுவும் அதுல வேண்டாம். ஒப்பந்தம், ஸ்கவுட், செட் பீஸ் கோச், மூணு கோரிக்கை மட்டும்.